தொப்பி பின்னத் தெரியுமா, மாப்பிள்ளை?

‘டிட்டிகாகா போகிறேன்’ என்று சொன்னால் சிரிக்காத தமிழனை நான் இன்னும் பார்க்கவில்லை. ‘காக்கா கடி மிட்டாய் மாதிரி ஏதாவதா?’ என்றார் மாடி வீட்டு மாமா. ஏரி சார், ஏரி! தென் அமெரிக்காவில் பெருவும் பொலிவியாவும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிற ஏரி. பரப்பு சுமார் 8,300 சதுர கிலோமீட்டர். உயரம் 3,812 மீட்டர். அதாவது, தொட்டபெட்டா உச்சியில் ஏறி நின்றுகொண்டு, அதற்கும் மேல் 1,175 மீட்டர் அண்ணாந்து பார்த்தால் அங்கே அலையடித்துக்கொண்டிருக்கும்.

பொலிவியாவுக்குக் கடலே கிடையாது. 1879-ல் ஆரம்பித்த யுத்தத்தில் கடற்கரை முழுவதையும் சிலியிடம் பறிகொடுத்துவிட்டது. ஆனாலும் கடற்படை வைத்திருக்கிறது. இந்த ஏரியில் ரோந்து போய்க்கொண்டிருக்கிறது. அட்மிரல்கள்கூட உண்டு. நம்பிக்கை என்றால் இதுவல்லவா நம்பிக்கை!

பெரு பக்கத்துக் கரையில் இருக்கிற ஊர் பூனோ. ஓட்டல் அறை இரண்டாவது மாடி. பன்னிரண்டாவது படியில் என் மனைவி உட்கார்ந்துவிட்டாள். “என்னங்க, மாரத்தான் ஓடின மாதிரி இருக்கு.” காற்றின் அழுத்தம் அங்கே, கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. மூச்சை இழுத்தால் பாதிதான் வருகிறது. மீதி பாக்கி. ஓட்டல்காரப் பெண் சிரித்துக்கொண்டே கொக்கா இலை போட்ட வெந்நீர் கொண்டுவந்தாள். ஆமாம், அந்த வில்லங்கமான கொக்காவேதான். இலையாக இருக்கிறவரை பெருவில் தப்பில்லை. நம் ஊருக்கு எடுத்து வந்தால் கம்பி எண்ண வேண்டும். வைக்கோலை ஊறவைத்த ருசி. தலைவலி கொஞ்சம் கேட்கிறது.

அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அரிசி, ‘நான் வேக மாட்டேன்’ என்று அடம் பிடிக்கும். குக்கர் இல்லாமல் அங்கே குடித்தனம் நடத்த முடியாது என்று மனைவி உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை மிதக்கும் தீவுகள். ஊரோஸ் என்கிற ஜனங்கள் ஏரியின் மேலேயே தீவு செய்து வாழ்கிறார்கள். தீவு ‘செய்து’ என்பது அச்சுப்பிழை இல்லை. டொட்டோரா என்று ஒரு புல். நம் பாய் நெய்கிற கோரைக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அதன் வேர்கள் பின்னிப் பிணைந்து மெத்தை மாதிரி மிதக்கும். அதைக் கட்டி கட்டியாக அறுத்து, கழி அடித்து, கயிறு கட்டி ஒன்றாகச் சேர்க்கிறார்கள். மேலே கோரையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பினால் தரை ரெடி. அதே கோரையில் வீடு, அதே கோரையில் படகு. பசித்தால் அதன் வெள்ளைத் தண்டையே உரித்துச் சாப்பிடலாம். பச்சை வாழைத்தண்டு ஞாபகம் வந்தது. அடியில் அழுகிக்கொண்டே இருக்கும். மேலே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காற்றடித்தால் பொலிவியாவுக்குப் போய்விடாமல் இருக்க நங்கூரம் உண்டு.

காலை வைத்தால் தரை அமுங்கி எழும்புகிறது. இலவம்பஞ்சு மெத்தையில் நடப்பது மாதிரி. அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால் என்ன செய்வார்கள் என்று கைடைக் கேட்டேன். “ரம்பம் எடுத்து அறுத்துடுவாங்க. அவங்க பாதி மிதந்து போயிடும்” என்றார். வக்கீல் இல்லை, வாய்தா இல்லை, பத்திரப்பதிவு இல்லை. என் சொந்தக்காரர்கள் சிலரை அங்கே அனுப்பலாம் என்று தோன்றியது.

இந்த ஜனங்களைப் படகு கட்டுவதில் மிஞ்ச முடியாது. பொலிவியா கரையைச் சேர்ந்த அய்மாரா தச்சர்களை அழைத்துப்போய்த்தான், நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் ‘ரா 2’ என்ற புல் படகைக் கட்டினார். 1970-ல் மொராக்கோவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி பார்படோஸ் வரை போனது அந்தப் படகு. மலை ஏரிக்காரர்களுக்குக் கடல் ஒரு பொருட்டில்லை.

முக்கால் மணி நேரம் ஆனதும் தீவுப் பெண்கள் வரிசையாக நின்று பாட்டுப் பாடினார்கள். முதலில் அய்மாரா. அப்புறம் ஸ்பானிஷ். பிறகு ஒரு இங்கிலீஷ் நர்சரி பாட்டு. எங்களைப் பார்த்து “இந்தியா?” என்று கேட்டு, கொஞ்சம் யோசித்து, இன்னொரு தடவை இங்கிலீஷ் பாட்டையே பாடினார்கள். எல்லோரும் கை தட்டினோம்.

மனைவி தட்டவில்லை. “தினமும் நூறு பேர் நம்ம வீட்டுக்கு வந்து அடுப்படியை எட்டிப் பார்த்தா நான் பாடுவேனா?”

படகில் ஒரு வெள்ளைக்கார இளைஞன், “எல்லாம் வேஷம், ராத்திரி பூனோவில்போய்த் தூங்குகிறார்கள்” என்று அலுத்துக்கொண்டான். தூங்கட்டுமே! ஊரோஸ் ஜனங்கள் தங்கள் சொந்த மொழியை எப்போதோ இழந்துவிட்டு, இப்போது அய்மாரா பேசுகிறார்கள். முன்பு ஏரியின் உள்ளே தள்ளி இருந்தார்கள். 1986-ல் வந்த பெரும் புயல் தீவுகளைச் சிதறடித்தது. நிறையப் பேர் பூனோ அருகே நகர்ந்து வந்தார்கள். பக்கத்தில் வந்ததும் டூரிஸ்ட்டும் பக்கத்தில் வந்துவிட்டான். மீன் வலையைவிட அவன் பர்ஸில் அதிகம் விழுகிறது. பிள்ளையைப் படிக்கவைக்கப் பாடுகிறவர்களை, குளிரில் நடுங்கி நிஜமாக இருக்கச் சொல்ல இவன் யார்?

அடுத்தது டக்கீலே. இது அசல் தீவு, பாறையும் படிக்கட்டுமாக. மேலே ஐந்நூறு சொச்சம் படிகள். பழனி மலை ஏறியிருக்கிறோம் என்ற தெம்பில் ஆரம்பித்தேன். பழனியில் காற்று உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். எங்களைத் தாண்டி எழுபது வயதுக்காரர் ஒருவர் முதுகில் மூட்டையோடு ஏறிப்போனார். ஏறிக்கொண்டே ஸ்வெட்டர் பின்னுவது மாதிரி ஏதோ பின்னிக்கொண்டிருந்தார்.

அங்கே பின்னல் வேலை ஆண்களுடையது. பையன்கள் சின்ன வயதிலேயே ஊசி பிடித்துவிடுகிறார்கள். பெண்கள் தறியில் நெய்கிறார்கள். வருஷத்தின் விதைப்பு, அறுவடை, திருவிழா எல்லாவற்றையும் படமாக வைத்து அகலமான இடுப்புப் பட்டை நெய்வது அவர்கள் கைவண்ணம். இந்தக் கலையை யுனெஸ்கோ 2005-ல் மனிதகுலத்தின் பாரம்பரியச் சொத்து என்று அறிவித்தது. ஆண்கள் தொப்பியைப் பார்த்தே ஜாதகம் சொல்லலாம். முழுச் சிவப்பு என்றால் கல்யாணமானவர். மேல் பாதி வெள்ளை என்றால் பிரம்மச்சாரி. கல்யாணத்துக்கு முன், மாப்பிள்ளை பின்னிய தொப்பியில் மாமனார் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாராம். ஒழுகினால் பெண் கிடையாது என்று சொல்கிறார்கள். என் மாமனார் என்னிடம் கேட்டதெல்லாம் சம்பள சர்டிபிகேட்தான். பிழைத்தேன்.

மத்தியானச் சாப்பாடு ஒரு வீட்டில். கீன்வா கஞ்சி, உருளைக்கிழங்கு, மூன்யா என்ற மலைத்துளசி மாதிரி மூலிகை டீ. உருளைக்கிழங்கின் பிறந்த வீடே இந்த மலைப்பகுதிதான். ராத்திரிப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்து வற்றலாக்குகிறார்கள். சூன்யோ என்று பெயர். வருஷக்கணக்கில் கெடாது. ருசி? கெடாது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரப் பெரியவர் கெச்சுவாவில் பேச, கைடு மொழிபெயர்த்தார். தீவு நிலமெல்லாம் முன்பு பண்ணையார்கள் கையில். 1930-களிலிருந்து தீவுக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு கொடுத்து மீட்டார்கள். 70-களில் டூரிஸ்ட் வர ஆரம்பித்ததும், தாங்களே படகு கட்டி ஏற்றி வந்தார்கள். ஓட்டல் கிடையாது, வந்தவர்களை வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தங்கவைத்தார்கள். காசு தீவிலேயே தங்கியது. 90-களில் ஏகபோகம் கூடாது என்று அரசாங்கம் சொல்ல, பூனோ ஏஜென்சிகளின் வேகப் படகுகள் வந்துவிட்டன. இறக்குகிறார்கள், சாப்பிடவைக்கிறார்கள், ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கைடு நடுவில் நிறுத்தினார். “இவங்க பாஷையில ‘நாங்க’ன்னு சொல்ல ரெண்டு வார்த்தை சார். கேக்கறவரையும் சேர்த்து ஒண்ணு, சேர்க்காம ஒண்ணு. உங்களுக்குப் புரியறது கஷ்டம்.”

எனக்கா கஷ்டம்? ‘நாம்’, ‘நாங்கள்’! பாதி உலகத்துக்கு இல்லாத பாக்கியம். “இப்ப எதைச் சொன்னார்?” என்று கேட்டேன்.

“படகு கட்டினது, நிலம் வாங்கினது, எல்லாம் ‘நாங்க’. டீ குடிக்கலாம்னு சொன்னாரே, அது ‘நாம’.”

மனைவி இன்னொரு டம்ளர் டீ கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கூட்டுறவுக் கடையில் அவளுடைய பேரம் எடுபடவில்லை. எல்லாம் நிர்ணய விலை. கல்யாணமாகாத தம்பி பிள்ளைக்குப் பாதி வெள்ளைத் தொப்பி ஒன்று, சொன்ன விலைக்கே வாங்கினாள். இருபத்தெட்டு வருஷத்தில் நான் கண்டிராத காட்சி.

திரும்பும்போது ஏஜென்சிப் படகை விட்டுவிட்டு, தீவுக்காரர்களின் படகில் ஏறினோம். மூன்று மணி நேரம். உருளைக்கிழங்கு மூட்டை, தூங்கும் குழந்தை, டீசல் வாசனை. பாதி வழியில் வேகப் படகு ஒன்று எங்களைத் தாண்டிப் பறந்தது. காலையில் அலுத்துக்கொண்ட அந்த இளைஞன் அதிலிருந்து கையசைத்தான். நாங்களும் அசைத்தோம். படகோட்டி நிமிர்ந்து பார்க்கவில்லை. சுக்கானைக் காலால் பிடித்துக்கொண்டு, மேல் பாதிக்கு வெள்ளை நூலைக் கோத்துக்கொண்டிருந்தான்.