மருந்தோடு சோறும் வேண்டும்!

காசநோய் ஏழையின் நோய் என்று நாம் சொன்னபோது, "அரசியல் பேசுகிறார்கள்" என்று நகைத்தவர்கள் உண்டு. இன்று ஆராய்ச்சியே பேசுகிறது!

ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருளும் தந்து பார்த்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு ஏறியவர்களுக்குச் சாவின் அபாயம் 61 விழுக்காடு குறைவு. பிழைப்பாரா என்பதைத் தராசு முன்கூட்டியே காட்டுகிறது! நோயாளிக்கு மட்டும் உணவு தந்த வீடுகளைவிட, குடும்பத்தாருக்கும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை தந்த வீடுகளில் புதிதாக நோய் காண்பது 39 விழுக்காடு குறைந்தது. 2023-இல் வெளிவந்த முடிவுகள் இவை.

2024 நவம்பரில் மத்திய அரசு நோயாளியின் மாத உதவியை 500 ரூபாயிலிருந்து 1,000 ஆக்கியது. வரவேற்கிறோம். ஆனால் குடும்பத்தாரின் உணவைக் கொடையாளர்களின் மனத்துக்கு விட்டுவிட்டதே, அது நியாயமா? உழைத்துத் தேய்ந்தவன் வீட்டுச் சோறு தருமமல்ல, உரிமை!

தோழர்களே! உங்கள் ஆலையில், தெருவில், இரண்டு வாரம் விடாது இருமுபவரைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோய் என்று தெரிந்தால் எடையைக் குறித்து வையுங்கள். அது ஏறும்வரை அவரை விடாதீர்கள்!