பழைய வேட்டியில் உறுதியான மஞ்சப்பை

கேள்வி: வீட்டை ஒட்டிய நிலத்தில் கீரை போட்டு, வாசலிலேயே விற்கிறோம். வருபவர்கள் ‘கவர்’ கேட்கிறார்கள். பழைய துணியில் பை தைத்துக் கொடுக்கலாமா? முன்பு தைத்த பைகளில் கைப்பிடி சீக்கிரமே பிய்ந்துவிட்டது.
- வாசகி, ஐயப்பன்தாங்கல்

பதில்: தாராளமாகத் தைக்கலாம். தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு, எந்தத் தடிமனாக இருந்தாலும், தடை உள்ளது. துணி போலத் தெரியும் நெய்யாத பையும் தடைப் பட்டியலில் இருக்கிறது. அதுவும் பிளாஸ்டிக் இழைதான்.

2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. உங்களுக்குப் பக்கத்துக் கோயம்பேடு மார்க்கெட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வைத்தார்கள். ஆனால் வீட்டில் பழைய வேட்டி, பெட்ஷீட் இருக்கும்போது புதுத்துணி வாங்க வேண்டாம். பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும் மருந்தும் எவ்வளவு செலவாகிறது என்பது விவசாயிக்குத் தெரியும். ஏற்கெனவே உள்ள துணியை இன்னும் சில வருடம் உழைக்க வைப்பதுதான் லாபம்.

துணித் தேர்வு: துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நைந்த இடத்தை ஒதுக்கிவிடுங்கள். வேட்டி மெல்லியது என்பதால் இரண்டு மடிப்பாக எடுங்கள். பூச்சிமருந்து அடிக்கும்போது உடுத்திய துணி, மருந்து கலந்த விதை வந்த பை, உரச் சாக்கு ஆகியவற்றை எத்தனை முறை துவைத்தாலும் உணவுப் பொருளுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

வெட்டும் அளவு: பைக்கு 16 அங்குல அகலம், 36 அங்குல நீளத்தில் ஒரே துண்டு. கைப்பிடிக்கு 22 அங்குல நீளம், 4 அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகள்.

தைக்கும் முறை:

1. பட்டையை நான்காக மடித்து, 1 அங்குல அகலம் வரும்படி இரு ஓரமும் தையல் போடுங்கள்.

2. பைத் துணியின் நீளவாக்கில் இரு முனைகளையும் முதலில் அரை அங்குலம், பிறகு ஒன்றரை அங்குலம் உள்பக்கமாக மடித்துத் தையுங்கள். இதுதான் பையின் வாய்.

3. ஒவ்வொரு முனையிலும், பக்க ஓரத்திலிருந்து 5 அங்குலம் தள்ளிக் கைப்பிடியின் நுனிகளை அந்த மடிப்பின் மேல் வையுங்கள். சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போல இரண்டு தையல் குறுக்காகப் போடுங்கள். மெல்லிய ஒற்றைத் துணியில் ஒரே கோடாகத் தைத்தால் பாரம் முழுவதும் அந்தக் கோட்டில் விழும். உங்கள் கைப்பிடி பிய்ந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

4. நல்ல பக்கம் வெளியே தெரிய இரண்டாக மடித்து, இரு பக்கமும் கால் அங்குலத்தில் தையுங்கள். பிறகு உள்புறம் திருப்பி அரை அங்குலத்தில் மறுபடி தையுங்கள். பிசிறு உள்ளே அடங்கிவிடும். அடிப்பக்கம் மடிப்பாகவே இருப்பதால் அங்கே பிரிய வழியில்லை.

5. உள்புறம் திருப்பிய நிலையிலேயே, அடி மூலை இரண்டையும் முக்கோணமாக விரித்து 3 அங்குல அகலத்தில் குறுக்காகத் தைத்தால் பை நிமிர்ந்து நிற்கும்.

விற்பனைக்குத் தருமுன் ஒரு பையில் 5 கிலோ அரிசி போட்டுத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஈரக் கீரையை வாழையிலையில் சுற்றி வைத்தால் பை நனையாது. வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் உலர்த்தச் சொல்லுங்கள்.

பையை இலவசமாகக் கொடுத்தால் திரும்பி வராது. ஒரு சிறு தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, பையைத் திருப்பித் தரும்போது பணத்தைக் கொடுத்துவிடுங்கள். தாங்கல் என்றால் ஏரி. வாசலில் குறையும் ஒவ்வொரு கவரும் வாய்க்காலை அடைக்காது, மாட்டின் வயிற்றுக்குள்ளும் போகாது.