டிஸ்னிலாண்டில் நுழைய 13 மணி நேர உழைப்பு!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். அங்கே ஆரஞ்சுத் தோப்புகள் இருந்த 160 ஏக்கர் நிலத்தில் எழுந்தது டிஸ்னிலாண்டு. 1955 ஜூலை 17-ல் திறப்பு விழா.

கட்டியவர் படஅதிபர் வால்ட் டிஸ்னி. மகள்கள் ராட்டினம் சுற்றும்போது அவர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

ஒரு டாலர் காலம்

அன்று பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர். குழந்தைக்கு அரை டாலர். அப்போது சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு முக்கால் டாலர். 1 மணி 20 நிமிடம் உழைத்தால் உள்ளே போய்விடலாம்! ராட்டினங்களுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். 1982-ல்தான் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம் ஆயிற்று.

2024 அக்டோபரில், கூட்டம் மிகுந்த நாட்களின் கட்டணம் 206 டாலர் ஆனது. அவ்வாண்டு கலிபோர்னியாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர். ஒருவர் நுழைய ஏறக்குறைய 13 மணி நேரக் கூலி! 104 டாலர் சீட்டும் இருந்தது. ஆனால் கூட்டமில்லாத சில நாட்களுக்கு மட்டும். பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுத்தான் போக வேண்டும்!

வரிசையிலும் வேற்றுமை

அதிக நேரம் காத்திராமல் ராட்டினம் ஏற, 1999-ல் இலவசச் சீட்டு கொடுத்தார்கள். ஏழை, பணக்காரர் எல்லோருக்கும் கிடைத்தது. 2021-ல் அதற்குப் பதிலாகக் கட்டண முறை வந்தது. பணம் கட்டிய வீட்டுப் பிள்ளை விறுவிறு என்று முன்னே போகிறது. கட்டாத வீட்டுப் பிள்ளை வெயிலில் நிற்கிறது. "அப்பா, நாம் ஏன் அந்த வழியில் போகவில்லை?" என்று அது கேட்டால், தகப்பனார் என்ன சொல்வார்?