19,500 ரூபாய் எஸ்டிமேட்டும் 500 ரூபாய் மீட்டரும்

போன வருஷம் என் எட்டு வருஷப் பழைய காரில் ஒரு தொல்லை. ராத்திரியில் ஹெட்லைட் திடீர்னு மங்கும், அப்புறம் தானாவே பளிச்சுனு எரியும். பள்ளம் மேட்டில் ஏறி இறங்கினா இன்னும் மோசம். ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்த அஞ்சாவது நிமிஷம் எஸ்டிமேட் வந்துடுச்சு: ஆல்டர்னேட்டர், பேட்டரி ரெண்டும் மாத்தணும், மொத்தம் 19,500 ரூபாய்.

"வோல்டேஜ் எவ்வளவு காட்டுச்சு?"ன்னு கேட்டேன். மீட்டரே வைக்கலை. ஆடிட்டர் புத்தி, வவுச்சர் இல்லாத என்ட்ரியை எப்படிப் பாஸ் பண்றது? வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

500 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினேன். நீங்களும் பார்க்கலாம், பெரிய வித்தை இல்லை. டிசி 20 வோல்ட்டில் வைங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில், காலையில் பேட்டரி 12.6 பக்கம் காட்டினா ஃபுல் சார்ஜ். 12.2-க்குக் கீழேன்னா பாதி சார்ஜ்கூட இல்லை. என்ஜின் ஓடும்போது பொதுவா 13.8 முதல் 14.5 வரை இருக்கணும். 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் மேல சந்தேகம். 12-லேயே நின்னா ஆல்டர்னேட்டர், பெல்ட், ஒயரிங்கைப் பார்க்கணும். (சில புது மாடல்களில் கம்ப்யூட்டரே வோல்டேஜை ஏத்தி இறக்கும், அதை மட்டும் வச்சுப் பழுதுன்னு முடிவு பண்ணாதீங்க.)

என் வண்டியில் காலையில் 12.5. ஓடும்போது 13-க்கும் 14-க்கும் நடுவில் ஆடுச்சு. அடுத்து, என்ஜின் ஓட, ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டுட்டு, மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் மறுமுனையை என்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்துலயும் வச்சேன். பெல்ட், ஃபேன் பக்கம் கையோ ஒயரோ போகாம பார்த்துக்கோங்க. 0.2-க்குள் இருக்க வேண்டியது 0.9 காட்டுச்சு. என்ஜினுக்குப் போற எர்த் ஒயரோட போல்ட் துருப்பிடிச்சு லூசா இருந்தது. தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் துருவைத் தேய்ச்சு, புது ஒயர் போட்டு, 600 ரூபாய் வாங்கினார். இப்போ 14.2-ல் அசையாம நிக்குது.

ஒர்க்‌ஷாப் ஏமாத்துச்சுன்னு நான் சொல்லலை. பழுதைத் தேடுற நேரத்துக்கு நாம யாரும் காசு தர்றதில்லை, பார்ட்ஸ் மாத்தினாதான் அவங்களுக்கு வருமானம். 20,000 ரூபாயை கிரெடிட் கார்டில் இஎம்ஐ போடத் தயங்காத நாம, "செக் பண்ண மட்டும் 500"ன்னா முகம் சுளிக்கிறோம். அந்த 500-ஐக் கேட்டு வாங்கச் சொல்லி நீங்களே கொடுங்க. ரீடிங்கை எஸ்டிமேட்லயே எழுதித் தரச் சொல்லுங்க.

நிஜமாவே ஆல்டர்னேட்டர்தான் பழுதுன்னாலும், முழுசா மாத்துறதுக்கு முன்னாடி கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் மட்டும் மாத்தினா சரியாகுமான்னு கேளுங்க. ஓடுற வண்டியில் பேட்டரி ஒயரைக் கழட்டி "டெஸ்ட்" பண்றவர்கிட்ட வண்டியைக் கொடுக்காதீங்க. இசியூ போச்சுன்னா செலவு வேற லெவல். பேட்டரி மாத்தச் சொன்னா வாரண்டி கார்டில் தேதியைப் பாருங்க. இலவச மாற்றுக் காலம் முடிஞ்சிருந்தாலும் பல பிராண்டில் ப்ரோ-ராட்டா தள்ளுபடி உண்டு, ஆனா கார்டைக் காட்டிக் கேட்டாதான் கிடைக்கும்.