சுவரு கிடைச்சா போஸ்டர் ஒட்டிடுவோம்

காலையில மாரிக்குப்பத்துல இருந்து பெங்களூர் போற ரயில்ல என்னிக்காவது ஏறியிருக்கீங்களா? ஏறினா காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு ஏறுங்க. 2001 பிப்ரவரி 28-ந்தேதி எங்க கோலார் தங்கச் சுரங்கத்தை மூடினாங்க. அன்னியில இருந்து தங்கவயல்காரன் பொழப்பு இந்த ரயில்லதான். தூங்கறவன் தூங்குவான், சீட்டு ஆடறவன் ஆடுவான். மத்தவன் எல்லாம் கிரிக்கெட் செலக்ஷன் கமிட்டி! சாம்பியன், உரிகம், கோரமண்டல்னு ஸ்டேஷன் தாண்டறதுக்குள்ள பதினோரு பேரைப் பொறுக்கி, பங்காருப்பேட்டை வர்றதுக்குள்ள கோச்சை டிஸ்மிஸ் பண்ணிடுவாங்க.

இருபது வருஷமா கேக்கறேன். பழகிப்போச்சுன்னுதான் நினைச்சேன். எனக்கே நடந்தப்போதான் சுருக்குன்னுச்சு.

நான் ஞாயித்துக்கிழமையில பசங்களுக்கு பாஸ்கெட்பால் சொல்லிக் குடுக்கறவன். சம்பளமெல்லாம் கிடையாது. சிமெண்ட் கோர்ட்டு, நடுவுல ஒரு விரிசல், அதுல புல்லு. ரெண்டு ரிங்குல ஒண்ணுக்கு நெட் இல்ல. போன வருஷம் பசங்க ஒரு சின்ன டோர்னமெண்ட் ஜெயிச்சாங்க. ஒரு பையனோட அப்பா ஓடி வந்து சால்வை போத்தினார். "சார், நீங்க இல்லைன்னா இவனுங்க எல்லாம் தெருவுலதான்"னார். இந்த வருஷம் ரெண்டே பாயிண்ட்டுல தோத்தோம். அதே மனுஷன், அதே வாய், என் காதுபடவே பக்கத்துல இருந்தவர்கிட்ட சொல்றார்: "சாருக்கு வயசாயிடுச்சு. வேற ஆளைப் பாக்கணும்."

ரெண்டு பாயிண்ட் சார்! ஒரு பந்து ரிங்கைச் சுத்திட்டு வெளிய விழுந்துச்சு. உள்ள விழுந்திருந்தா எனக்கு வயசு குறைஞ்சிருக்குமா?

வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தொங்கப்போட்டு உக்காந்தேன். வீட்டம்மா டீயைக் குடுத்துட்டு, "ராகுல் திராவிடுக்கே இந்தக் கதி, நீங்க எம்மாத்திரம்?"னாங்க. ஆறுதலா, குத்தலான்னு இன்னும் புரியல. ஆனா யோசிச்சா நெசம்தான்.

எங்க ரயில் போய் நிக்கற ஊர்க்காரர் திராவிட். அதனால எங்க பெட்டியில அவர் பேரு அடிபடாத நாளே இருந்ததில்ல. 2007 மார்ச்சுல வெஸ்ட் இண்டீஸ்ல உலகக் கோப்பை, அவர்தான் கேப்டன். வங்கதேசத்துக்கிட்ட தோத்து, இலங்கைக்கிட்ட தோத்து, முதல் ரவுண்டுலயே மூட்டை கட்டியாச்சு. இங்க கொடும்பாவி எரிச்சாங்க. ராஞ்சியில தோனி கட்டிக்கிட்டிருந்த வீட்டையே போய் உடைச்சாங்க. அதே வருஷம் ஆகஸ்டுல அதே கேப்டன் இங்கிலாந்து மண்ணுல டெஸ்ட் சீரிஸ் ஜெயிச்சார். 21 வருஷத்துக்கு அப்புறம்! அதுக்கு எவனாவது ஒரு சரவெடி வெச்சீங்களா? செப்டம்பர்ல அவரே "போதும்டா சாமி"ன்னு கேப்டன் பதவியைக் குடுத்துட்டுப் போயிட்டார்.

அப்புறம் சின்னப் பசங்களுக்கு கோச். 2018-ல அண்டர்-19 உலகக் கோப்பை ஜெயிச்சாங்க. போர்டு பரிசு அறிவிச்சது: திராவிடுக்கு 50 லட்சம், கூட வேலை செஞ்ச ஸ்டாஃபுக்கு 20 லட்சம். எனக்கு மட்டும் ஏன் ஜாஸ்தின்னு அவர் கேக்கப்போய், கடைசியில ஆளுக்கு 25 லட்சம்னு ஆச்சு. தன் பங்குல பாதியைக் குறைன்னு சண்டை போட்ட ஆளை நான் வேற எங்கயும் பாத்ததில்ல. நம்ம ஆபீஸ்ல போனஸ்ல நூறு ரூபா குறைஞ்சா என்ன ஆட்டம் ஆடறோம்!

அப்போ பெட்டியில ஒரே பேச்சு. "மகான் மச்சா, மகான்."

2021 நவம்பர்ல மகான் சீனியர் டீமுக்கு கோச்சா வந்தார். ஒரே வருஷம். 2022 நவம்பர் 10, அடிலெய்டுல டி20 உலகக் கோப்பை செமி ஃபைனல். இங்கிலாந்தோட பட்லரும் ஹேல்ஸும் விக்கெட்டே விழாம 16 ஓவர்ல 170 அடிச்சுட்டுப் போனாங்க. மகான் மறுநாள் காலையில "பழைய பஞ்சாங்கம்" ஆயிட்டார். அடுத்த ஜூன்ல ஓவல் மைதானத்துல டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல். அஸ்வினை வெளிய உக்கார வெச்சு, 209 ரன்ல தோத்தாங்க. (அந்தக் கோபம் நியாயம்தான், அதுல நான் மாறமாட்டேன்.) அப்புறம் 2023 உலகக் கோப்பை, வரிசையா பத்து மேட்ச் ஜெயிச்சப்போ மறுபடி மகான். நவம்பர் 19, அகமதாபாத் ஃபைனல். ஆஸ்திரேலியாவோட டிராவிஸ் ஹெட் 137. முடிஞ்சுது கதை.

இங்க ஒண்ணு ஒத்துக்கணும். அன்னிக்கு ராத்திரி நானும் ஸ்டேட்டஸ் போட்டேன். "டைம் டு கோ, திராவிட்." கூடவே கும்பிடற எமோஜி வேற, மரியாதையா அனுப்பறேனாம்! பத்து மேட்ச் ஜெயிச்சதுக்கு நான் எத்தனை ஸ்டேட்டஸ் போட்டேன்னு கேக்காதீங்க.

அவருக்கு "சுவர்"னு பேரு வெச்சவன் வாயில சக்கரையைத்தான் போடணும். நம்ம ஊர்ல சுவரை என்ன பண்றோம்? நோட்டீஸ் ஒட்டாதீர்னு எழுதின இடமாப் பாத்து ஒட்டறோம். இன்னிக்கு "தலைவா வாழ்க", நாளைக்கு அதுமேலயே "கண்ணீர் அஞ்சலி". சுவரு என்ன சொல்லும்?

போக இருந்தவரை ரோஹித் சர்மா போன் பண்ணி "இருங்க"ன்னு நிறுத்தினார். 2024 ஜூன் 29, பார்படாஸ், டி20 உலகக் கோப்பை ஃபைனல். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்துல 30 ரன். நான் டிவியை ஆஃப் பண்ணிட்டேன், பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்டுத் திரும்பப் போட்டேன். ஏழு ரன்ல ஜெயிச்சாச்சு. கோலி கோப்பையைக் கையில குடுத்ததும் அந்த அமைதியான மனுஷன் கத்தின கத்தல் இருக்கே! நான் அழுதேன். பழைய ஸ்டேட்டஸை எவன் எவன் பாத்தான்னு ஒரு பயமும் வந்துச்சு.

சரி, இதோட விட்டாங்களா? 2025 ஐபிஎல்ல ராஜஸ்தானுக்கு கோச். கால் உடைஞ்சும் ஊன்றுகோலோட வந்தார். 14 வயசுப் பையன் வைபவ் சூரியவன்ஷி 35 பந்துல செஞ்சுரி அடிச்சப்போ, வீல்சேர்ல இருந்தவர் தன்னை மறந்து எழுந்து நின்னார். ஆனா கடைசி ஓவர்ல 9 ரன் எடுக்க முடியாம அடுத்தடுத்து ரெண்டு மேட்ச்சைக் கோட்டை விட்டாங்க. 14-ல நாலு வெற்றி, ஒன்பதாவது இடம். ஆகஸ்டுல கிளம்பிட்டார். எங்க பெட்டியில தீர்ப்பு: "அவருக்கு டி20 தெரியாது மச்சா." உலகக் கோப்பை ஜெயிச்சு பதினாலு மாசம்தான் ஆச்சு. அது என்ன பல்லாங்குழியா?

நாமதான் இப்படின்னு நினைச்சேன். அக்கா பையன் போன்ல அமெரிக்க பாஸ்கெட்பால் பாக்கறவன், அவன் சொன்னான். டென்வர் டீமுக்கு அதோட சரித்திரத்துலயே முதல் கோப்பையை 2023-ல வாங்கிக் குடுத்தவர் மைக்கேல் மலோன். 2025 ஏப்ரல்ல, லீக் ஆட்டம் மூணே பாக்கி இருக்கறப்போ சீட்டைக் கிழிச்சாங்க. நியூயார்க் நிக்ஸை 25 வருஷம் கழிச்சு கான்ஃபரன்ஸ் ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனவர் டாம் திபடோ. அதுல தோத்த கொஞ்ச நாள்ல அவரும் அவுட். அவங்களும் மாரிக்குப்பம் ரயில்லதான் வர்றாங்க போல!

நான் ஏன் இவ்வளவு கொதிக்கறேன்? தங்கவயல்ல பொறந்தவன் சார் நான். 1902-லயே சிவனசமுத்திரத்துல இருந்து கரண்ட்டு வந்த ஊரு. மூணு கிலோமீட்டருக்கும் ஆழத்துல எங்க தாத்தனுங்க இறங்கினாங்க. ஒரு டன் பாறைக்கு எத்தனை கிராம் தேறும்னு கணக்கு. கிராம் இருந்த வரைக்கும் "லிட்டில் இங்கிலாந்து". கிராம் குறைஞ்சதும் கேட்டைப் பூட்டினாங்க. இப்போ ஊர் பேரைச் சொன்னா சினிமாவை வெச்சு "ராக்கி பாயா?"ங்கறாங்க. கடைசி டன்னை மட்டும் பாத்து ஆளை எடை போட்டா எப்படி வலிக்கும்னு எங்களுக்குத் தெரியணுமா, இல்லியா? அந்த ரயில்ல வர்ற எங்களுக்கே தெரியலைன்னா?

நம்ம டீம் குவாஹாத்தி டெஸ்ட்டுல 408 ரன்ல தோத்த மறுநாளும் அதே ரயில். திராவிடுக்கு அப்புறம் கோச்சான கம்பீரைத் துவைச்சுக் காயப் போட்டுக்கிட்டிருந்தாங்க. உரிகம் தாண்டினதும் ஒரு குரல்: "திராவிட் மாதிரி ஒருத்தர் இருக்கணும் மச்சா. அந்தக் காலமே வேற." எவன்டா அதுன்னு திரும்பிப் பாத்தேன். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. சொன்னது நான்தான்.

சாயங்காலம் திரும்பி வர்றப்போ போன்ல மெசேஜ். சால்வை போத்தின அந்த அப்பா. "சார், சண்டே ப்ராக்டிஸ் எத்தனை மணிக்கு?"

நறுக்குன்னு நாலு வரி டைப் பண்ணினேன். அழிச்சேன். இன்னொண்ணு டைப் பண்ணினேன், அதையும் அழிச்சேன். பங்காருப்பேட்டையில டவர் போச்சு. டவர் வந்ததும் "6 மணி"ன்னு அனுப்பினேன்.