பேச 20 விநாடிதான்! - அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் ‘ஏபி ஸ்பானிஷ்’

அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கும் வீடுகளில் ‘ஏபி’ என்ற சொல் அடிக்கடி காதில் விழும். “உங்க பேத்தி இந்த வருஷம் மூணு ஏபி எடுத்திருக்காப்பா” என்று வீடியோ காலில் மகள் பெருமையாகச் சொல்வார். கணக்கு, கெமிஸ்ட்ரி என்றால் இங்கிருக்கும் தாத்தாவுக்குப் புரிந்துவிடும். மூன்றாவது ஸ்பானிஷ் என்றதும், “அது எதுக்கும்மா அவளுக்கு?” என்பார்.

நியாயமான கேள்விதான். ஏபி என்றால் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’. பள்ளியில் படிக்கும்போதே கல்லூரித் தரத்தில் ஒரு பாடத்தைப் படிப்பது. மே மாதம் ‘காலேஜ் போர்டு’ என்ற அமைப்பு தேர்வு நடத்தி 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும். 3 வாங்கினாலே கிரெடிட் தரும் கல்லூரிகள் உண்டு. 4, 5 என்று கறாராகக் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. கிரெடிட் கிடைத்துவிட்டால் கல்லூரியில் அந்தப் பாடத்துக்கான நேரமும் ஃபீஸும் மிச்சம். ஸ்பானிஷைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமும் தெளிவானது. அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் 4 கோடிப் பேருக்கும் மேல். ஆஸ்பத்திரி, கட்டடம் கட்டும் இடம், மளிகைக் கடை என்று எங்கே போனாலும் அந்த மொழி காதில் விழும்.

இதுவரை சரி. ஆனால் இந்தப் பாடத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மூன்று வருடம் ஸ்பானிஷ் வகுப்பில் ‘ஏ’ கிரேடு வாங்கிய பிள்ளையும் இந்தத் தேர்வில் தடுமாறலாம். காரணம், வகுப்பில் பெரும்பாலும் கேட்பது இலக்கணம். தேர்வு கேட்பதோ வேறு.

தேர்வில் என்னதான் கேட்கிறார்கள்?

2014-ல் அறிமுகமாகி வருடக்கணக்கில் நடந்துவரும் தேர்வு வடிவத்தைச் சொல்கிறேன். அவ்வப்போது இதில் மாற்றம் செய்வார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த வருடம் எழுதுகிறாரோ, அந்த வருடத்துக்கான விவரத்தை காலேஜ் போர்டு தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பாதி மதிப்பெண் 65 ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ கேள்விகளுக்கு. இதில் படித்துப் பதில் சொல்வதும் உண்டு, ஆடியோ கேட்டுப் பதில் சொல்வதும் உண்டு. மீதிப் பாதிதான் வயிற்றைக் கலக்கும். ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டும், 15 நிமிடம். ஒரு கட்டுரை, ஒரு அட்டவணை அல்லது வரைபடம், ஒரு ஆடியோ மூன்றையும் வைத்து ஒரு விவாதக் கட்டுரை எழுத வேண்டும். ஓர் உரையாடலில் கலந்துகொள்ள வேண்டும். கடைசியாக, ஒரு தலைப்பில் இரண்டு பண்பாடுகளை ஒப்பிட்டு 2 நிமிடம் பேச வேண்டும். அதற்குத் தயாராக 4 நிமிடம் கிடைக்கும்.

இவற்றில் உரையாடல்தான் பல பிள்ளைகளுக்குப் பூதம். எதிரே ஆள் இருக்காது. பதிவு செய்த குரல் ஏதாவது சொல்லும், 20 விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். இப்படி ஐந்து முறை. மனசுக்குள் ஆங்கிலத்தில் யோசித்து, வினைச்சொல் அட்டவணையைத் தேடி, வாக்கியம் கோத்து முடிப்பதற்குள் 12 விநாடி ஓடிவிடும்.

அதனால் இதற்குத் தயாராவது ஏப்ரல் மாதத்தில் நடக்கிற காரியமே இல்லை. ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலேயே, ‘ஸ்பானிஷ் 2’ படிக்கும் காலத்திலேயே, தினம் ஒருமுறையாவது வாயைத் திறந்து பேசியிருக்க வேண்டும். போனை எடுத்து, டைமரை 20 விநாடிக்கு வைத்து, “நேத்து சாயங்காலம் என்ன செஞ்சே?” என்ற ஒரே கேள்விக்கு ஸ்பானிஷில் பதில் சொல்லி ரெக்கார்டு செய்து, அதையே திரும்பக் கேட்கலாம். முதல் வாரம் கேட்கவே கூச்சமாக இருக்கும். நான்காவது வாரம், எங்கே நிற்கிறோம், எந்தச் சொல் வராமல் இழுக்கிறோம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. தப்பே இல்லாமல் பேசினால்தான் 5 என்று கிடையாது. கேட்பவருக்குப் புரிகிறதா என்பதுதான் முக்கியம். தப்பாகச் சொல்லிவிட்டு உடனே திருத்திக்கொண்டு பேச்சு தெளிவானால், அதையும் நல்லதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ‘பெர்தோன், கியேரோ தெசிர்...’ (மன்னிக்கணும், நான் சொல்ல வந்தது...) என்று ஆரம்பித்துத் திருத்துவதைக்கூட முன்னாலேயே பழகிவைக்கலாம். தப்பு வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைக்குத்தான் நஷ்டம் அதிகம்.

நமக்குத் தெரிந்த ‘நீங்கள்’

மின்னஞ்சல் கேள்வியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்பானிஷில் ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள். நிறுவன அதிகாரிக்கோ ஆசிரியருக்கோ எழுதும் அந்தப் பதிலில் கடைசி வரி வரை ‘உஸ்தெத்’ நிலைக்க வேண்டும். வணக்கம் சொல்லித் தொடங்கி, முறையாக முடித்து, அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, போதாததற்கு நாமும் ஒரு விவரம் கேட்க வேண்டும். ‘யூ’ என்ற ஒரே சொல்லோடு வளர்ந்த பிள்ளைகள் பாதியில் ‘தூ’வுக்கு வழுக்கிவிடுவார்கள். தலைமை ஆசிரியரிடம் “நீ எப்போ வருவே?” என்று கேட்டால் நமக்கு எப்படிக் காது கூசும்? அதே கூச்சம்தான் அங்கேயும்.

தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் உண்மையாகவே ஒரு சாதகம் உண்டு. ‘மே குஸ்தா எல் கஃபே’ என்பதை ஆங்கிலம் வழியாகப் புரிந்துகொள்ள மண்டை காயும். தமிழில் அது அப்படியே ‘எனக்குக் காபி பிடிக்கும்’. ‘மே துவேலே லா கபேசா’ என்றால் ‘எனக்குத் தலை வலிக்குது’. ‘ஆப்லோ’ என்ற ஒரே சொல்லில் ‘பேசுகிறேன்’ வந்துவிடும். ‘நான்’ தனியாகத் தேவையில்லை.

இறந்தகாலத்தில்கூட இந்த உதவி கிடைக்கும். ‘நேற்று பாட்டி வீட்டுக்குப் போனேன்’ என்பது ஒரு வடிவம். ‘சின்ன வயசில் தினமும் பாட்டி வீட்டுக்குப் போவேன்’ என்பது வேறொரு வடிவம். ஸ்பானிஷிலும் இந்த இரண்டுக்கும் தனித்தனி வினை: முன்னதற்கு ‘ஃபுய்’, பின்னதற்கு ‘ஈபா’. ஆங்கிலம் மட்டும் தெரிந்த மாணவர்கள் வருடக்கணக்கில் குழம்பும் இடம் இது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையிடம் இந்த ஒரு ஒப்பீட்டைச் சொல்லிக் கொடுங்கள், அரை மணி நேரப் பாடம் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் தமிழ் கைகொடுக்காது. நமக்கு மேசையும் நாற்காலியும் அஃறிணை, அத்தோடு விஷயம் முடிந்தது. அங்கே உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. கை (லா மானோ) பெண்பால், பிரச்னை (எல் ப்ரோப்லேமா) ஆண்பால். ஏனென்று கேட்காமல் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். ஆங்கிலத்தை நம்பி ஊகித்தாலும் ஆபத்து. வெட்கமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து ‘எம்பராசாதா’ என்று சொல்லிவிட்டால், கர்ப்பமாக இருக்கிறேன் என்று அர்த்தம்!

புதைக்கப்பட்ட மொழி

ஏபி ஸ்பானிஷ் வகுப்பில் இன்னொரு வகைப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். பாட்டி மெக்சிகோவிலிருந்தோ எல் சால்வடோரிலிருந்தோ வந்தவர்; வீட்டில் கேட்டுக் கேட்டே ஸ்பானிஷ் வந்திருக்கும். “அவங்களுக்கு என்ன, ஈஸியா 5 வாங்கிடுவாங்க” என்று மற்ற பெற்றோர் முணுமுணுப்பதுண்டு. இந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை.

டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஃபா என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1909 முதல் 1965 வரை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று பிளாக்வெல் என்ற தனிப் பள்ளி நடந்தது. 1954-ல் அந்தப் பள்ளியில் ஒரு ‘இறுதிச் சடங்கு’ நடத்தினார்கள். பிள்ளைகளைத் துண்டுச் சீட்டில் எழுதவைத்து, அதைப் பெட்டியில் போட்டு, பள்ளி மைதானத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர் ‘மிஸ்டர் ஸ்பானிஷ்’. இனி பள்ளியில் அந்த மொழி பேசக் கூடாது என்பதற்காக நடந்த சடங்கு அது. அந்த இடத்தைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் 2022-ல்தான் வந்தது.

ஸ்பானிஷ் பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறையில் பலர், தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியையே பேசாமல் விட்டார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகளில் சிலர்தான் இன்று பாட்டியின் மொழியைப் பாடப்புத்தகத்திலிருந்து படிக்கிறார்கள். ‘எனக்குத் தெரியாது’ என்பதை ‘நோ சே’ என்று சொல்லாமல் ‘நோ சாபோ’ என்று தப்பாகச் சொல்வதால், இவர்களை ‘நோ சாபோ கிட்ஸ்’ என்று கேலி செய்ய ஒரு பெயரே உண்டு. தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும் பிள்ளைகள் நம் சொந்தங்களிலும் இருப்பதால், அந்தக் கேலி எப்படி வலிக்கும் என்பதை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளைக்கும் தேர்வு சும்மா இல்லை. ‘பார்க்கலாம்’ என்னும் ‘ஆ வேர்’ என்பதும், ‘இருத்தல்’ என்ற பொருள் தரும் ‘அபேர்’ என்பதும் காதுக்கு ஒன்றேதான், எழுத்து வேறு. நமக்கு ல, ள, ழ மாதிரி. எழுத்தின் மேல் ஒரு கோடு விட்டுப்போனால் ‘பப்பா’ (அப்பா) ‘பாப்பா’ (உருளைக்கிழங்கு) ஆகிவிடுவார். இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது எழுத்துப் பயிற்சி. செய்தித்தாள் நடையில் நிறையப் படிப்பது. வகுப்பில் மட்டும் கற்ற பிள்ளைகளுக்கு வேண்டியது காதுப் பயிற்சி. நல்ல ஆசிரியர் இந்த இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பார். ஒருவர் பேச, ஒருவர் எழுத, பிறகு மாற்றிக்கொள்ள. தனி டியூஷனுக்குக் கொட்டும் பணத்தைவிட இதற்குப் பலன் அதிகம் என்றே நினைக்கிறேன்.

காதுப் பயிற்சிக்கு ‘ரேடியோ அம்புலான்டே’ என்ற பாட்காஸ்ட்டைச் சொல்லலாம். பெருவில் பிறந்த எழுத்தாளர் தானியேல் அலார்கோன் தொகுத்து வழங்குவது. லத்தீன் அமெரிக்கா முழுவதிலிருந்தும் கதைகள் வருவதால் பலவிதமான உச்சரிப்பு பழகும். ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி, மதுரைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் போல அதிலும் ஆயிரம் வித்தியாசம். ஆசிரியரின் குரலை மட்டுமே கேட்ட பிள்ளை, தேர்வு அறையில் ஓர் அர்ஜென்டினாக்காரர் பேசினால் விழித்துப்போகும்.

ஒப்பிடச் சொன்னால்...

கடைசிக் கேள்வியான பண்பாட்டு ஒப்பீட்டில், “அவர்களும் குடும்பத்தை மதிக்கிறார்கள், நாங்களும் மதிக்கிறோம்” என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் மதிப்பெண் ஏறாது. குறிப்பான விஷயம் வேண்டும்.

உதாரணத்துக்கு, மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் ‘தியா தே முவேர்தோஸ்’ என்று இறந்தவர்களுக்கான நாள். வீட்டில் படையல் மேடை அமைத்து, படம் வைத்து, அவர்களுக்குப் பிடித்த சாப்பாட்டை வைப்பார்கள். மேடை முழுக்க செண்டுமல்லி. அந்தப் பூவின் பூர்விகமே மெக்சிகோதான். அதே நவம்பர் 2 நம் ஊர் கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். மகாளய அமாவாசைக்கு முன்னோருக்குப் படைக்கும் வழக்கமும் இங்கே உண்டு. ஒரு தமிழ் வீட்டுப் பிள்ளை இதை எடுத்துக்கொண்டால் 2 நிமிடம் போதாது. மெக்சிகோ பக்கம் பாடத்தில் வந்துவிடும். நம் பக்கம்? படையலில் என்ன வைப்போம், யார் முதலில் கும்பிடுவார்கள், காக்கைக்கு ஏன் சோறு என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம்.

“அது எதுக்கும்மா அவளுக்கு?” என்று கேட்ட தாத்தாவுக்கு இங்கே வேலை வந்துவிட்டது. அடுத்த வீடியோ காலில் பேத்தி கேட்டால் சொல்லுங்கள். அவள் கேட்காவிட்டால், நீங்களே ஆரம்பித்துவிடுங்கள். தேர்வு மே மாதம்தான் என்றாலும், அதற்கான பதிவை முந்தைய இலையுதிர்காலத்திலேயே பள்ளிகள் முடித்துவிடும். அதனால் “ஏபி ஸ்பானிஷுக்குப் பேர் குடுத்தாச்சா?” என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள்.