பயிற்சி முடித்த பிள்ளைக்கு என்ன பதில்?

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேரும் பிள்ளைக்கு ஆரம்பப் பாடமே ராவுவதுதான். வைஸில் இறுக்கிய இரும்புத் துண்டை அரத்தால் ராவி ராவி மட்டமாக்க வேண்டும். பயிற்றுநர் மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் கோடு போல வெளிச்சம் தெரிந்தாலும் போச்சு, மறுபடி ராவ வேண்டும். உள்ளங்கை கொப்புளித்து, காய்த்து, கை பழகுவதற்குள் வாரக்கணக்கில் ஆகிவிடும்.

இப்படிப் பொறுமை பழகிய பிள்ளைகள்தான் 2018 மார்ச் 20 அன்று மும்பையில் மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையே தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். ரயில்வே பணிமனைகளில் அப்ரன்டிஸ் பயிற்சி முடித்தவர்கள் அவர்கள். பயிற்சி முடித்தால் நேரடியாக வேலை என்று நம்பியிருந்தவர்களிடம், 20 சதவீத இடம்தான் ஒதுக்குவோம், அதற்கும் தேர்வு எழுது என்றது நிர்வாகம். அந்த ஆண்டு அறிவித்த கடைநிலைப் பணியிடங்கள் 62,907. விண்ணப்பித்தவர்களோ ஒரு கோடிக்கும் மேல். பெரம்பூரிலும் பொன்மலையிலும் பயிற்சி முடித்த நம் வீட்டுப் பிள்ளைகளும் இதே கோரிக்கையோடு போராடியவர்கள்தான்.

1961-ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டம், பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. 2014-இல் அதைத் திருத்தினார்கள். பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்றார்கள். எத்தனை பேரை எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

இளைஞர்கள் வீதிக்கு வரும்போதெல்லாம், கைத்தொழில் கற்றுக்கொடுத்தால் கோபம் தணிந்துவிடும் என்று ஆட்சியில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். நாம் பார்த்த வரையில், பயிற்சியோடு விட்டுவிட்டால் கோபம் கூடத்தான் செய்கிறது. ஒன்றும் கற்காத பிள்ளை தன் விதியை நொந்துகொள்வான். கற்று, தேறி, சான்றிதழும் வாங்கிய பிள்ளை, தனக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்பான்.

2022 ஜூனில் ராணுவ ஆள்சேர்ப்புக்கான அக்னிபத் திட்டத்தை எதிர்த்து எழுந்தவர்களும் அப்படித்தான். விடியற்காலையில் எழுந்து 1,600 மீட்டர் ஓட்டம் பழகியவர்கள். உடல்தகுதியிலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறிவிட்டு, எழுத்துத் தேர்வுக்காக கொரோனா காலம் முழுக்கக் காத்திருந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஜூன் 14 அன்று நான்காண்டுப் பணி என்ற அறிவிப்பு வந்தது. பழைய தேர்வு கைவிடப்பட்டது. மூன்று நாள் கழித்து செகந்திராபாத் ரயில் நிலையத்தில் ரயில் பெட்டிகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் செத்தார். ரயிலுக்குத் தீ வைத்ததை நாம் நியாயப்படுத்தவில்லை. ஒரே ஒரு வழக்கு விழுந்தால் போதும், அரசு வேலைக்கான கதவு அந்தப் பிள்ளைக்கு அடைபட்டுப் போகும். அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

தமிழ்நாட்டில் நிலைமை அமைதியாகத் தெரிகிறது. ஆனால் காத்திருப்பு இங்கும் குறைவில்லை. 2022-இல் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 7,301 இடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஜூலையில் எழுதிய தேர்வுக்கு மறு ஆண்டு மார்ச்சில்தான் முடிவு வந்தது. எட்டு மாதம்! வீட்டில் தங்கை கல்யாணம், வட்டிக் கடன் என்று ஆயிரம் இருக்கும்போது எட்டு மாதம் சும்மா கடந்துவிடுவதில்லை.

தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தை மனமார வரவேற்றோம். 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்ததையும் வரவேற்றோம். அரம் பிடித்த கைகள் இன்று ரோபோவை இயக்கப் பழகுகின்றன. பெருமைதான். ஆனால் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கி, 'ட்ரெயினி' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஷிப்ட் பஸ் ஏறுகிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையைச் செய்துவிட்டு, காலம் முடிந்ததும் பையைக் கட்டுகிறார்கள். அந்த இடத்துக்குப் புது பேட்ச் வருகிறது. ஊர் திரும்புகிறவன் உணவு டெலிவரிக்கு பைக் எடுக்கிறான். அவன் கற்ற தொழில் கையிலேயே துருப்பிடிக்கிறது.

தொழிற்சாலைகளுக்கு நிலமும் சலுகையும் கொடுப்பது மக்கள் பணத்தில். அப்படியானால் கேள்வி கேட்கும் உரிமையும் மக்களுக்கு உண்டு. தேர்வாணையம் அறிவித்த தேதியில் முடிவை வெளியிட வேண்டும். சலுகை பெற்ற ஒவ்வொரு ஆலையிலும் எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் நிரந்தரமானார்கள் என்ற கணக்கை, அடுத்த தொழில்துறை மானியக் கோரிக்கை விவாதத்திலேயே அரசு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.